நோட்டரி வீட்டு இடக்கைப் பண்டிதர்

சுவரில் படம் மாட்டுகிறவர்களால் ஊருக்குத் தொந்தரவு இல்லை. மாட்டிய படத்தின் அருகிலேயே காத்திருந்து, வந்தவர் கோட்டைக் கழற்றுவதற்குள் முழங்கையைப் பிடித்து இழுத்துப்போய் அதன் முன்னால் நிறுத்தி, தூரிகை பட்ட இடமெல்லாம் விளக்கம் சொல்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் தனி இனம். படவிளக்கர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இத்தாலியில், ஃபெராராவில், என் வீட்டுக்கு மேல்மாடியில் இருப்பவர், ஓய்வுபெற்ற நோட்டரி ஒட்டோனே பெல்லகாம்பா.

அவருடைய படம் அசல் அல்ல, அச்சுப்பிரதி. அதை அவர் மறைப்பதுமில்லை. "அசலப் பாக்கணும்னா மியூசியத்துக்குப் போங்க. புரிஞ்சுக்கணும்னா இங்க வாங்க" என்பார். பொன்முலாம் சட்டத்துக்குள் ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய டியூக்கின் நூலகம். கிரேக்க நாட்டிலிருந்து ஏடுகளோடு வந்த பண்டிதர் கறுப்பு அங்கியில் உட்கார்ந்து எழுதுகிறார். உள்ளூர் அறிஞர்கள் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள். மேஜைக்கடியில் ஒரு நாய்.

விளக்கத்துக்கு ஒரு முறை உண்டு. முதலில் டியூக், பிறகு ஏடுகள், பிறகு நாயின் வம்சம். அதற்கப்புறம் குரலைத் தாழ்த்தி, "கையக் கவனிச்சீங்களா?" என்பார். பண்டிதர் இடக்கையால் எழுதுகிறார்! அந்தக் காலத்து மேதைகள் எல்லோருமே இடக்கைக்காரர்கள் என்பது இதிலிருந்து நோட்டரி கண்ட உண்மை. விரித்த புத்தகத்தில் இருப்பது ரகசிய எழுத்து, இன்றுவரை எவரும் படித்ததில்லை என்பது அடுத்த உண்மை. போன வருடத்திலிருந்து காப்பியைக்கூட இடக்கையால்தான் கலக்குகிறார். யார் சட்டையில் தெறித்தது? என் சட்டையில்தான். இரண்டு தடவை.

சரி, தெறித்தால் துவைத்துக்கொள்ளலாம். விஷயம் அவருடைய தங்கை நெரினாவிடம் வந்தபோதுதான் சிக்கலாயிற்று.

நெரினா கணவரை இழந்தவள். ஒன்பது வருடமாக அண்ணன் வீட்டில் இருந்து சமையலும் வீடும் பார்த்து வந்தாள். அறுபத்தொரு வயதில் அவளுக்கு துல்லியோ மார்சோக்கியைக் கட்டிக்கொள்ள ஆசை வந்தது. துல்லியோ ஆயர் இல்லத்து அச்சகத்தில் நாற்பது வருடம் ஈய எழுத்துக் கோர்த்தவர். அவளுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் கூடப்பிறந்த ஒரே அண்ணனைப் பகைத்துக்கொண்டு படியிறங்க மனமில்லை. அண்ணனோ, எழுத்தைப் படித்தவன் வேறு, எழுத்தைப் பொறுக்கினவன் வேறு என்று சொல்லி வந்தார். கடைசியில் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை துல்லியோவைச் சாப்பாட்டுக்கு அழைக்கச் சம்மதித்தார். பேச்சு முற்றினால் நடுவில் இருக்கட்டும் என்று நெரினா என்னையும் கூப்பிட்டாள்.

துல்லியோ இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். முழங்கை பிடிபட்டது. டியூக், ஏடுகள், நாய், கை, எல்லாவற்றுக்கும் அடக்கமாகத் தலையாட்டினார். ரகசிய எழுத்து வந்ததும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பிறகு கடையில் எழுதிப் போட்டிருப்பதைப் படிக்கிறமாதிரி லத்தீனில் ஒரு வரி படித்தார்.

என்ன அது என்று நோட்டரி கேட்டார்.

"எடுத்த புத்தகத்த எடுத்த எடத்துலயே வைக்கவும்னு போட்டிருக்குங்க."

ஈய எழுத்து இடவலம் மாறித்தான் வார்க்கப்படும். நாற்பது வருடம் அதைப் படித்த கண்ணுக்கு இது ஒரு பொருட்டா?

"படத்த இடவலமாத் திருப்பி அச்சடிச்சுட்டாங்க ஐயா. எங்க தொழில்ல நடக்கிறதுதான். இவரு வலக்கைக்காரரு" என்றார் துல்லியோ. பொத்தான் மாறிப் போட்டிருக்கிறீர்கள் என்று ஒருவரிடம் மெல்லச் சொல்வோமே, அந்தக் குரலில்தான் சொன்னார். எதிர்ச்சுவரில் இருந்த கண்ணாடியைக் காட்டினார். நாங்கள் திரும்பிப் பார்த்தோம். கண்ணாடிக்குள் பண்டிதர் வலக்கையால் எழுதிக்கொண்டிருந்தார்.

பதினொரு வருடமாக நோட்டரி அந்தக் கண்ணாடியில் தன் கழுத்துப்பட்டையை மட்டுமே பார்த்திருக்கிறார்.

அவர் முகம் சிவந்தது. காலமெல்லாம் தலைகீழாகப் பார்த்தவனுக்கு எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும், இந்த வீட்டுப் பெண்ணைக் கேட்க இவனுக்கு என்ன தகுதி என்று கத்தினார். துல்லியோ கோட்டை எடுத்துக்கொண்டார். நான் படத்திலிருந்த நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெரினா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அண்ணே, அந்தப் படத்தத் தினம் தொடைக்கிறது நான். கையி மாறியிருக்குன்னு எனக்கு ரெண்டாவது வருஷமே தெரியும்."

"தெரிஞ்சா சொல்றதுக்கென்ன?"

"ஒன் மனசு நோகுமேன்னு ஏழு வருஷமா வாய மூடிக்கிட்டு இருந்தேன். எம் மனச நீ ஏழு நிமிஷம் நெனச்சுப் பாரேன்."

துல்லியோ கையிலிருந்த கோட்டை அவளே வாங்கி ஆணியில் மாட்டினாள். பூசணி வைத்து மடித்த கப்பெல்லாச்சிக் கொழுக்கட்டை மேஜைக்கு வந்தது. நோட்டரி தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் சாப்பிட்டார், வலக்கையால். காப்பி வரும்போதுதான் துல்லியோ பக்கம் திரும்பினார். அந்தப் புத்தகத்தில் வேறு ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டார். எனக்கே பாவமாக இருந்தது. அவ்வளவுதான் எழுதியிருக்கிறது என்றார் துல்லியோ.

செப்டம்பரில் நகராட்சி மண்டபத்தில் கல்யாணம். நோட்டரி சாட்சிக் கையெழுத்துப் போட்டார், தங்கையைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சம் அழவும் செய்தார்.

திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? இந்த இனத்துக்குத் திருத்தம் என்பது விளக்கத்தில் இன்னொரு பகுதி. "இந்த மாதிரி மாறி அச்சான பிரதி ஐரோப்பாவுலயே இது ஒண்ணுதான். எம் மச்சான் எழுத்துக்கலையில கரைகண்டவரு, அவரே சோதிச்சுச் சொன்னாரு" என்று இப்போது இருபது நிமிடம் கூடுதலாகிறது. மச்சானும் சும்மா இல்லை. புது வீட்டில் ஒரு ஈய எழுத்தை வெல்வெட் பெட்டியில் வைத்துக்கொண்டு, அன்று ஒரே மூச்சில் படித்த கதையை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார்.

நான்? முடிதிருத்தகத்தில் இரண்டு தடவை, ரொட்டிக்கடை வரிசையில் மூன்று தடவை, இப்போது உங்களிடம். நீங்களும் இந்நேரம் வீட்டிலிருக்கும் காலண்டர் படத்தில் யார் எந்தக் கையால் எழுதுகிறார் என்று ஒரு பார்வை பார்த்திருப்பீர்கள். அதில் தப்பில்லை. பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிட்டு "இங்க வாயேன், ஒண்ணு காட்டறேன்" என்று ஆரம்பிப்பதற்கு முன் மட்டும், அவர் அடுப்பில் பாலை வைத்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.