சம்பந்தியின் கரும்புக் கொல்லையில் ஒரு ரயில்

வில்லியனூர்,
வியாழக்கிழமை

மரியாதைக்குரிய சம்பந்தி ஞானப்பிரகாசம் அவர்களுக்கு,

பிலவேந்திரன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் கரிக்கலாம்பாக்கத்தில் தாங்களும் சம்பந்தி அம்மாவும் மாப்பிள்ளை அருண் சேவியரும் சுகமாக இருப்பீர்கள். இங்கே நான் சுகம். என் வீட்டுக்காரி அந்தோணி மேரி சுகமா என்று தெரியவில்லை, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. தாங்களும் போனை எடுப்பதில்லை, வாட்ஸப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. அதனால்தான் கடிதம்.

சம்பந்தி, அது பொம்மை ரயில். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை பார்த்த காலமெல்லாம் ரயில்வே டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். ஜன்னல் வழியாக ஜனங்களின் கையைப் பார்த்தேனே ஒழிய, ரயில் என் முதுகுப் பக்கம் வந்து முதுகுப் பக்கமே போய்விடும். ரிட்டயர் ஆனதும் ஆசைதீர ஒரு ரயிலைப் பார்க்கலாமென்று பழைய கதவு ஒன்றை மேஜையாகப் போட்டு, தண்டவாளம் பதித்து, நம்ம ஸ்டேஷனை அட்டையில் வெட்டி ஒட்டினேன். பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைப் பிய்த்து நெல் வயல், காயவைத்த டீத்தூளில் மண். பொண்ணு வாழப்போகிற வீடு இல்லாமல் அது என்ன ஊர் என்று தங்கள் வீட்டையும் மோட்டார் கொட்டகையையும் வைத்து, துடைப்பக் குச்சிக்குப் பச்சை அடித்துத் தங்கள் கரும்பையும் நட்டேன். மரியாதைக்குத்தான் சம்பந்தி நட்டேன். கதவோ சின்னது, தண்டவாளம் ஓரளவுக்கு மேல் வளையாது, வளைத்தால் ரயில் கவிழ்ந்துவிடும், அதனால் அது தங்கள் கரும்பு வழியாகப் போனது. மாதா மேல் ஆணையாக வேறு காரணம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண ஓலையை முதல் தடவை வாசித்தார்கள், சாயங்காலம் புடவை எடுக்கிற நாளைப் பேச வந்தீர்கள், மேஜையைப் பார்த்தீர்கள். "இன்னா சம்பந்தி, எங்கொல்லையில லைன் வருதா? ரயில்வேக்காரரு நீங்க, தெரிஞ்சும் வாயத் தொறக்கலியே?" என்று கேட்டு, நான் பதில் சொல்லுமுன் காபியைத் தொடாமல் வண்டியை எடுத்துவிட்டீர்கள். இரண்டாம் ஓலையை நிறுத்தி வைக்கும்படி சாமியாரிடம் சொல்லிவிட்டீர்களாம். என் பொண்ணு ஆனி மேரி அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

சேதி எப்படிப் பரவியதோ, மறுநாள் பண்டசோழநல்லூர் ராமு முருங்கைக்காய்க் கட்டோடு வந்து நிற்கிறான். "அண்ணே, லைன் எங்க நெலத்தாண்ட போவுதாமே, கொஞ்சம் தள்ளி வுடுண்ணே." அடேய், அது பொம்மைடா என்றேன். "ஆபீஸ்காரங்க அப்டித்தாண்ணே சொல்லுவாங்க" என்கிறான். ஆள் நகர்ந்தால் போதுமென்று அவன் எதிரிலேயே தண்டவாளத்தை ஒரு விரல் அகலம் தள்ளி வைத்தேன். போச்சு! ராமுவுக்குத் தள்ளிக் கொடுத்தார் என்று ஊர் முழுக்கப் பேச்சு. வாசலில் செருப்பு குவிந்துவிட்டது. ஒருத்தர் பலாப்பழம், ஒருத்தர் உயிரோடு ஒரு கோழி. மனை போட்டு விற்கிற ஒருவர் ஸ்டேஷனையே தன் மனைப் பக்கம் மாற்றச் சொல்கிறார். அந்தக் கோழி மேஜைமேல் ஏறி நெல் வயலைப் பாதி கிளறிவிட்டது.

இதுவரைக்கும் எனக்குப் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. நேற்று டீக்கடையில், "பெரியவரே, புது லைன் உங்க வூட்டுப் பின்னாலதான் போவுதாம், கெணறு பூடும்" என்றார்கள். நானும் அதை நம்பிவிட்டேன் சம்பந்தி. கிணறு போனால் தண்ணிக்கு எங்கே போவது? பழைய ஆபீஸ் நண்பருக்கு போன் போட்டு, இப்படி அநியாயம் பண்ணலாமா என்று சத்தம் போட்டேன். "யாருய்யா சொன்னது?" என்றார். யார் சொன்னது என்று யோசித்துக்கொண்டே போனால் சுற்றிச் சுற்றி அது நான்தான். அவரோ, பிலவேந்திரனே கேட்கிறான், ஏதோ இருக்கிறது என்று இப்போது ஆபீசில் விசாரித்துக்கொண்டிருக்கிறாராம். லைன் வருதா வரலியா, எனக்கே தெரியலை.

எது எப்படியோ, தங்கள் கொல்லையிலிருந்து தண்டவாளத்தை இன்று காலையில் பிடுங்கிவிட்டேன். குச்சிகளைத் திரும்ப நட்டாயிற்று. ரயில் தங்கள் வேலி வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது, அது என் தலையெழுத்து, போகட்டும். என் பொண்ணு அழுவதை என்னால் பார்க்க முடியவில்லை சம்பந்தி. வருகிற ஞாயிறு இரண்டாம் ஓலையை வாசிக்கச் சொல்லுங்கள்.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு என் ஆசி. தண்டவாளம் இல்லாத தங்கள் கரும்பு மாதா அருளால் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி (என்றே இன்னமும் நம்புகிற)
பிலவேந்திரன்

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது உள்ளறையில் ரயில் ஓடுகிற சத்தம். போய்ப் பார்த்தால் தங்கள் மகன் அருண் சேவியர்! நான் பிடுங்கினதை எல்லாம் தங்கள் கரும்புக்கு நடுவில் திரும்பப் பதித்துவிட்டான். என்ன மாப்பிள்ளை இது என்றால், "இவ அம்மா வூட்டுக்கு வந்து போவ ட்ரெயின் வாணாமா மாமா?" என்கிறான். ஆனி மேரி அவன் வாங்கி வந்த பப்ஸைத் தின்றுகொண்டு சிரிக்கிறாள். அந்தோணி மேரி என்னோடு பேசிவிட்டாள்: "அதுல கைய வெச்சே, பாத்துக்கோ." தங்கள் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்டேஷன்கூட வந்துவிட்டது. டிக்கெட் கவுண்டரில் ஒரு பொம்மை இருக்கிறது, அது நான்தானாம், அங்கேயும் ரயில் முதுகுப் பக்கம்தான் போகிறது. இந்தக் கடிதத்தைக்கூட அவனே கொண்டுவந்து கொடுப்பதாகச் சொல்கிறான். லைன் வேண்டாமென்றால் தாங்களே நேரில் வந்து பிடுங்கிக்கொள்ளுங்கள் சம்பந்தி. ஸ்டேஷன் போர்டில் 'ஞானப்பிரகாசம் ஹால்ட்' என்று எழுதியிருக்கிறான், அதைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை.