எண்ணெய் தேய்த்த குடும்பம் அருவி தேடிய கதை

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் தென்காசிக்காரர்களுக்கு ஒரு திமிர் வந்துவிடும். சாரலும் காற்றும் எங்கள் வீட்டுச் சொத்து என்பதுபோலப் பேசுவோம். வெளியூரிலிருந்து யாராவது போன் செய்து, "அருவியில தண்ணி விழுதா?" என்று கேட்டால் போதும், இப்போதுதான் மலைமேல் ஏறி வால்வைத் திறந்துவிட்டு வந்தவர்கள் மாதிரி, "அதெல்லாம் ஜோரா விழுது, கிளம்பி வாங்க" என்போம். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் கூடுதல். அது என்னை ஒரு நாள் எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை, நைட்டியோடு நின்றது உட்பட, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் அருளுக்கு அப்போது எட்டு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. பேச்சு குறைவு, ஞாபகம் அதிகம். இளையவள் தேன்மொழிக்கு ஐந்து வயது. அண்ணனுக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். அருளுக்கு அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தாக வேண்டும். தெரிந்துவிட்டால் அவனைப்போலச் சமர்த்து ஊரிலேயே கிடையாது. தெரியாவிட்டால் பயம் வந்துவிடும்; காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுவான். அதற்கு அவனுடைய பள்ளி டீச்சர் காட்டிய வழிதான் பட அட்டைகள். அன்றைக்கு நடக்கப்போவதை ஒவ்வொரு படமாக ஒரு பட்டையில் வரிசையாக ஒட்ட வேண்டும். ஒன்று முடிந்ததும் அவனே அந்த அட்டையைப் பிய்த்து, தோளில் தொங்கும் சின்னப் பையில் போட்டுக்கொள்வான். நடக்காத எதையும் பைக்குள் போட மாட்டான். அந்த விஷயத்தில் அவனிடம் சிபாரிசு எடுபடாது.

நாங்கள் குடும்பமாக வெளியே போய் அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. முந்தின வருடம் ஒரு ரயில் பயணத்தில் அருள் அழுததும், பெட்டியில் இருந்தவர்கள் ஆளுக்கொரு அறிவுரை சொன்னதும் என் வீட்டுக்காரரை ரொம்பவே நோகடித்துவிட்டது. மனிதர் நல்லவர்தான். பிள்ளையை நாலு பேர் முறைப்பதை அவரால் தாங்க முடியவில்லை. "இனிமே எங்கயும் வேண்டாம், வீட்டுலயே சந்தோசமா இருப்போம்" என்று முடிவு கட்டிவிட்டார். நான் சண்டை போட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன், ஒரு வாரம் சாம்பாரில் உப்பைக் குறைத்தேன். கடைசியில் இறங்கி வந்தார்.

"ஒரே ஒரு நாள். குற்றாலத்துக்குப் போவோம். அது சரியா வரலன்னா அப்புறம் நீ கேக்கப்பிடாது."

"கேக்க மாட்டேன்" என்றேன். அஞ்சு கிலோமீட்டரில் இருக்கிற குற்றாலம்! இதில் என்ன சரியாக வராமல் போகும்?

மே மாதக் கடைசி. பள்ளி திறக்க ஒரு வாரம் இருந்தது. சீசன் அந்த வருடம் முந்திக்கொண்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. டீச்சருக்குப் போன் செய்தேன். அவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, அருவிக்குப் போட்டோ ஒட்டுங்கள், கையால் வரைய வேண்டாம். இரண்டு, 'இன்றைக்கு இல்லை' என்று ஒரு சிவப்பு அட்டை கையில் இருக்கட்டும். திட்டம் மாறினால் அதைக் காட்டிப் பக்குவமாகச் சொல்லலாம்.

இரண்டையும் நான் கேட்கவில்லை. பிள்ளைக்கு அம்மா கையால் வரைந்தால்தானே பாசம்! உட்கார்ந்து வரைந்தேன். மேலே ஒரு கட்டம், அதிலிருந்து நேராக இறங்கும் நீலக் கோடுகள், கீழே ஐந்து குச்சி மனிதர்கள். ஆலங்குளத்திலிருந்து வந்திருந்த என் தம்பி செல்வம் எட்டிப் பார்த்தான்.

"யக்கா, இது என்ன, தண்ணித் தொட்டி ஒழுகுதா?"

"ஏலே, அருவி!"

"அருவின்னு கீழ எழுதிப் போடு. இல்லன்னா ஊர்க்காரன் எவனும் நம்ப மாட்டான்."

சிவப்பு அட்டையைச் செய்யவே இல்லை. சீசன் நேரத்தில் குற்றாலத்தில் தண்ணீர் இல்லாமல் போகுமா என்ன? (சொன்னேனே, திமிர்.)

வரிசை இதுதான்: எண்ணெய், கார், அருவி, பரோட்டா, வீடு. குற்றாலம் என்றால் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும். அதில் சமரசம் கிடையாது. ஆனால் வேற்றாள் தொட்டால் அருளுக்குப் பிடிக்காது. அருவிக்கரையில் எண்ணெய் கூடாது என்று வேறு போர்டு வைத்திருக்கிறார்கள். எனவே வீட்டிலேயே தேய்த்துவிடுவது என்று முடிவெடுத்தேன். நாமும் தேய்த்தால்தான் அவனும் தேய்த்துக்கொள்வான் என்பதால் எல்லோருக்கும் எண்ணெய். சீரகம் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை ஐந்து பேரும் பளபளத்தோம். வீட்டுக்காரர் அரை டவுசரும் துண்டும். நான் நைட்டி, மேலே ஒரு துண்டு. அருள் 'எண்ணெய்' அட்டையைப் பிய்த்துப் பையில் போட்டுவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு அப்போதே உலகத்தை ஜெயித்த மாதிரி இருந்தது.

கார் சீட்டில் பழைய போர்வை விரித்து ஏறினோம். ஸ்டியரிங் வீட்டுக்காரர் கையில் வழுக்கியது. மலையைச் சுற்றி மேகம், முகத்தில் சாரல், தேன்மொழி ஓயாமல் பாட்டு. மெயின் அருவியை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. என்னா சத்தம்! நான் குதித்துக்கொண்டு இறங்கினேன்.

தண்ணீர் இருந்தது. அளவுக்கு மிஞ்சி இருந்தது. அருவிக்கு முன்னால் கட்டியிருக்கும் ஆர்ச்சையும் தாண்டிச் செம்மண் நிறத்தில் கொட்டியது. முன்னால் கயிறு கட்டி, போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

"வெள்ளம்மா, குளிக்கத் தடை. தள்ளி நில்லுங்க."

தண்ணீர் இல்லாமல் போனால்தான் திட்டம் கெடும் என்று நினைத்தேன். கூடிப்போய்க் கெடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அருள் அட்டையைக் காட்டினான். "அருவி" என்றான். அவனைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது. அருவி இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, கயிறுதான் புரியவில்லை.

"வேற அருவி, சாமி" என்று சொல்லி ஐந்தருவிக்கு ஓடினோம். அங்கேயும் கயிறு, விசில். பழைய குற்றாலத்துக்குப் போனோம். அங்கே கயிறுவரைகூடப் போக முடியவில்லை. பாதி வழியிலேயே திருப்பிவிட்டார்கள். எண்ணெய் வழிந்து கண்ணில் இறங்கியது. மணி இரண்டு. செல்வத்தின் வயிறு எனக்குக் கேட்கிற அளவுக்குக் கத்தியது.

"யக்கா, நேரா பரோட்டாவுக்குப் போயிருவோமே?"

"பட்டையில பரோட்டா அருவிக்கு அடுத்துல்லா இருக்கு!"

அப்போதுதான் வாழ்க்கையிலேயே கேவலமான காரியத்தைச் செய்தேன். அருள் ஜன்னல் வழியாகக் குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், 'அருவி' அட்டையை மெதுவாகப் பிய்த்து அவன் பைக்குள் போட்டேன். திரும்பினான். பட்டையைப் பார்த்தான். பையைத் திறந்தான். அட்டையை எடுத்துப் பழைய இடத்திலேயே ஒட்டினான். பிறகு என்னைப் பார்த்தான் பாருங்கள், எண்ணெய்க்குள்ளேயே எனக்கு வேர்த்துவிட்டது. அவன் என்னை நம்பித்தான் இவ்வளவு தூரம் பொறுமையாக வந்திருந்தான். கையைக் காதுக்குக் கொண்டுபோனான். அழுகை தொடங்கியது.

சாலையோரம் காரை நிறுத்தி இறங்கினோம்; சுற்றிக் கூட்டம் கூடியது. ஒரு அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு, "பிள்ளையக் கொஞ்சம் கண்டிச்சு வளக்கணும்மா" என்றார்.

"அவன் சரியாத்தான் இருக்கான். பொய் சொன்னது நானு. என்னைக் கண்டிங்க" என்றேன். எண்ணெய் சொட்டச் சொட்ட நைட்டியில் நின்று கத்திய என்னைப் பார்த்து அந்த அம்மாள் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

வீட்டுக்காரர் எல்லோரையும் வண்டியில் ஏற்றினார். எனக்குப் பயமாக இருந்தது. காரைக் கிளப்பினார். "வீட்டுக்குப் போவோம்" என்று அவர் சொன்னால் முடிந்தது. இனி நான்கு சுவர்தான்.  பின்னால் அருள் அழுதுகொண்டே "அருவி, அருவி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். செல்வம் அவசரமாக, "அத்தான், புளியறைப் பக்கம் மலையடியில சின்ன ஓடை ஒண்ணு உண்டு. அங்கன தடையெல்லாம் கிடையாது" என்றான். அவர் என் முகத்தைப் பார்த்தார். வண்டியைச் செங்கோட்டை ரோட்டில் திருப்பினார்.

கேரள எல்லையில் இருக்கும் புளியறை செக்போஸ்டில் எங்களை நிறுத்தினார்கள். நிறுத்தாமல் இருந்தால்தான் அதிசயம். காவலர் குனிந்து உள்ளே பார்த்தார். ஐந்து பேரும் உள்ளே மின்னிக்கொண்டிருந்தோம்.

"என்னண்ணாச்சி, எண்ணெய் கடத்துதியளா?"

"இல்ல சார், குளிக்கப் போறோம்."

"குற்றாலத்தை விட்டுட்டுக் கேரளாவுக்கா?"

வீட்டுக்காரர் எண்ணெய்க் கையோடு வண்டிப் பேப்பரை எடுத்து நீட்டியபோது, பின் சீட்டில் அழுகை சட்டென்று நின்றது. அருள் எழுந்து ஜன்னலில் முகத்தை அழுத்திக்கொண்டான்.

"அருவி!"

சாலையோரம் லாரிகளைக் கழுவும் ஒரு லாரி சர்வீஸ். நான்கு தூணின்மேல் பெரிய தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து தடித்த குழாய் வழியாகத் தண்ணீர் நேராக இறங்கி ஒரு லாரியின் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. அருள் அட்டையைத் தூக்கிப் பிடித்தான். மேலே ஒரு கட்டம், அதிலிருந்து நேராக நீலக் கோடுகள். அச்சு அசல் அதேதான். நான் வரைந்தது குற்றாலத்தையல்ல, புளியறை லாரி சர்வீஸை!

காவலர் கையசைத்து விட, வண்டியை ஓரங்கட்டிக் கதவைத் திறந்ததும் ஓடினான். லாரி நகர்ந்த இடத்தில் போய், தண்ணீருக்குக் கீழே நின்று, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பை நான் வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

சர்வீஸ்காரர் பனியனோடு ஓடி வந்தார். "ஏம்மா, இங்க லாரியத்தான் குளிப்பாட்டுவோம், ஆளுகளுக்குக் கிடையாது!"

நான் மூச்சு வாங்கிக்கொண்டு அட்டை, தடை, டீச்சர், எண்ணெய் என்று எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் கொட்டினேன். அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அருளை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஏலே, பிரஷரக் குறைச்சு விடு. பிள்ளை குளிக்கான்" என்றார்.

அதோடு முடியவில்லை. அருள் அட்டையில் இருந்த குச்சி மனிதர்களை விரலால் எண்ணினான். ஐந்து. தன்னைத் தொட்டுக்கொண்டு "ஒண்ணு" என்றான். அவன் கூப்பிடுவதற்கு முன்பே தேன்மொழி உள்ளே இருந்தாள். "மாமா" என்றான், செல்வம் போனான். "அப்பா" என்றான், அவரும் போனார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தான். பக்கத்து டீக்கடைப் பெஞ்சில் எட்டு லாரி டிரைவர்கள் டம்ளரைக் கையில் பிடித்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கல்லாக நின்றேன். மானம் ஒரு பக்கம் இழுத்தது, மகன் ஒரு பக்கம் இழுத்தான்.

பெஞ்சிலிருந்து ஒரு பெரிய மீசைக்காரர் எழுந்தார். "எல்லாவனும் அந்தப் பக்கம் திரும்புங்கலே" என்று சொல்லிவிட்டு, தன் லாரியைக் கொண்டுவந்து எங்களுக்குக் குறுக்கே நிறுத்தினார். இன்னொருவர் மறுபக்கம் நிறுத்தினார். பத்துச் சக்கர மறைப்பு! அதற்குப் பிறகு நான் யாரைப் பற்றியும் யோசிக்கவில்லை. நைட்டியோடு போய்த் தண்ணீருக்குள் நின்றேன். தலையில் அடித்த அடியில் ஒரு வருடத்துப் பாரமும் சேர்ந்து இறங்கியது. நான் அழுதேன்; நல்லவேளை, தண்ணீரில் தெரியவில்லை. லாரிக்குப் பின்னாலிருந்து சர்வீஸ்காரரின் குரல் கேட்டது.

"எண்ணெய் போகாதேம்மா. நுரை போடவா? பாடி வாஷ் மட்டும் போதுமா, இல்ல அண்டர் வாஷும் உண்டா?"

வீட்டுக்காரர் சிரித்தார். ஒரு வருடமாக நான் கேட்காத சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. அருள் 'அருவி' அட்டையைப் பிய்த்து, ஈரக் கையோடு பையில் போட்டான். பிறகு பக்கத்துக் கடையில் ஐந்து பேரும் இருபத்திரண்டு பரோட்டா சாப்பிட்டோம். டிரைவர்கள் அருளுக்கு ஹாரன் அடித்துக் காட்டினார்கள். சத்தம் என்றாலே காதைப் பொத்துகிறவன், அன்று பொத்திக்கொண்டே "இன்னும்" என்றான்.

அடுத்த வருடம் சீசனில் "எப்ப கிளம்புதோம்?" என்று முதலில் கேட்டது வீட்டுக்காரர். இந்தத் தடவை தடை இல்லை, கூட்டமும் இல்லை. மெயின் அருவி பூப்பூவாக விழுந்தது. நான் பெருமையோடு அருளைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்தினேன். அண்ணாந்து மேலே பார்த்தான். இடது பக்கம் பார்த்தான், வலது பக்கம் பார்த்தான். நாடே தேடி வருகிற அருவியின் முன்னால் நின்று என்னிடம் கேட்டான்:

"லாரி எங்க?"

புளியறைக்குத்தான் போனோம். அன்றிலிருந்து அந்தக் கேள்வி எங்கள் வீட்டுச் சொத்தாகிவிட்டது. எவ்வளவு பெரிய விருந்தாக இருந்தாலும், எப்பேர்ப்பட்ட புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போனாலும், எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு எங்களில் ஒருவர் இன்னொருவர் காதில் அதைக் கேட்காமல் இருப்பதில்லை. போன தை மாதம் செல்வத்துக்குக் கல்யாணம். தாலி கட்டி முடித்து எல்லோரும் மேடையில் போட்டோவுக்கு நின்றோம். போட்டோகிராபர், "சூப்பர், எல்லாரும் வந்தாச்சு, அப்படியே நில்லுங்க" என்றார். அருள் மேடையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பொறுமையாகப் பார்த்தான். எங்களுக்குப் புரிந்துவிட்டது. அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே மாப்பிள்ளை உட்பட எல்லோரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டோம். அந்தப் படத்தைத்தான் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். அதில் சிரிக்காமல் நிற்பது புதுப்பெண் மட்டும்தான். அவளை இந்த சீசனுக்குப் புளியறைக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம்.