காற்றுத்தடுப்பு வாங்கிய கருணை உள்ளம்

மனைவியின் தலைமுடிக்காக உழைத்த கணவர்களுக்கு என்றாவது ஒரு மாநாடு கூட்டினால், மேடையின் நடு நாற்காலி நம் பல் டாக்டருக்குத்தான். மற்றவர்கள் நின்றுகொள்ளலாம்.

டாக்டர் ஒரு திறந்த கார் வாங்கியிருந்தார். பொத்தானை அழுத்தினால் கூரை மடிந்து பின்பக்கம் போய் ஒளிந்துகொள்ளும். ஞாயிறு மாலைகளில் ஏரிக்கரைச் சாலையில் உலா. பக்கத்தில் மனைவி. பின்சீட்டில் மனைவியின் அண்ணன், ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர். லைசென்ஸ் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியே நல்ல பெயர் எடுத்தவர்.

“மாப்பிள்ளை, ஸ்டியரிங்கை இப்படியா பிடிப்பாங்க? நான் சர்வீஸ்ல இருந்திருந்தா உங்களை ஃபெயில் பண்ணியிருப்பேன்!”

டாக்டருக்கு இது பழக்கமில்லாத கஷ்டம். கிளினிக்கில் அவர் முன்னால் எல்லோரும் வாயைத் திறப்பார்கள். ஒருவரும் பேச மாட்டார்கள்.

அப்படி ஒரு ஞாயிறன்று மனைவியின் கூந்தல் காற்றில் பறப்பதைக் கண்டு டாக்டர் உள்ளம் உருகினார். மறுநாளே கார் உதிரிபாகக் கடையில் “உயர்மட்ட ஆலோசனை” தொடங்கியது.

கடைக்காரர் இரண்டு காற்றுத்தடுப்புகளை எடுத்து வைத்தார். “இது கண்ணாடி சார். முன்சீட்டுக்குப் பின்னால நிக்கும். இன்னொண்ணு வலை. காத்தை நல்லா தடுக்கும். ஆனா ஒரு குறை. பின்சீட்டை முழுசா மூடிடும். அங்க யாரும் உக்கார முடியாது.”

“யாருமேவா?”

“பூனைகூட முடியாது சார்.”

டாக்டர் கண்களை மூடி, நடுநிலை தவறாமல் பரிசீலித்தார். “வலையே குடுங்க.”

“குடும்பத்தோட போறவங்க கண்ணாடிதான் வாங்குவாங்க…”

“கண்ணாடி உடையும். வலை!”

வீட்டில் தீர்மானம் அறிவிக்கப்பட்டது. “எல்லாம் உன் முடிக்காகத்தான்.”

“எனக்குக் காத்து பிடிக்குமேங்க,” என்றாள் மனைவி.

“நீ அப்படித்தான் சொல்லுவ. உனக்குன்னு எதையுமே கேக்க மாட்டியே!”

முடிக்காக எடுத்த முடிவு என்பதால், முடியாது என்று அவளாலும் சொல்ல முடியவில்லை.

ஞாயிறு வந்தது. டாக்டர் பாட்டு முணுமுணுத்தபடி வலையை மாட்டினார். நன்றாக உடுத்தி வந்த ஆய்வாளர், வலையைத் தட்டிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், “முதல் தரம்” என்று சான்றளித்தார். பிறகுதான் ஏறுவதற்கு இடம் தேடினார்.

“அடடா மச்சான்!” டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “இது என் மூளைக்கு எட்டவே இல்லையே! மனசே கேக்கல.”

அவர் துக்கத்தை முழுதாக அனுபவித்து முடிப்பதற்குள் மனைவி முன்கதவைத் திறந்துவிட்டாள். “நீங்க முன்னாடி உக்காருங்கண்ணா. எனக்கு வீட்ல வேலை இருக்கு.”

கார் கிளம்பியது. வலை சொன்ன சொல் தவறவில்லை. காற்று நுழையவில்லை, இரைச்சல் இல்லை, காருக்குள் கோயில் கருவறை போல ஓர் அமைதி. இத்தனை நாளும் மச்சானின் அறிவுரையில் பாதியைக் காற்று அள்ளிக்கொண்டு போயிருக்கிறது என்பது டாக்டருக்கு அப்போதுதான் விளங்கியது. இன்று ஓர் எழுத்துகூடச் சேதாரமில்லை. போதாததற்கு, பக்கத்து இருக்கையிலிருந்து மச்சானின் கைக்கு ஹேண்ட் பிரேக்கும் எட்டியது.

“இப்பதான் மாப்பிள்ளை எனக்கும் தொண்டை வலிக்காம பேச முடியுது,” என்று ஆய்வாளர் மகிழ்ந்தார். மகிழ்ச்சியில் ஏரியை இன்னொரு சுற்று சுற்றச் சொன்னார்.

வீடு திரும்பிய டாக்டர் மாடிக்கு ஏறினார். மொட்டை மாடியில் மனைவி கூந்தலை அவிழ்த்துவிட்டு, காற்று வாங்கியபடி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“என்னங்க, முகம் வாடியிருக்கு?”

“வேற மாதிரித் தடுப்பு ஏதாவது இருக்கான்னு கடையில கேக்கணும்.”

“கேக்கவே வேண்டாம். நேத்து நீங்க கிளினிக்ல இருக்கும்போது கடைக்காரரே போன் பண்ணினார். பின்சீட்டுல ஆள் உக்கார்ற மாதிரி கண்ணாடி இருக்காம், நீங்க அடம்பிடிச்சு வலையை வாங்கிட்டுப் போனீங்களாம். மாத்தித் தரவான்னு பாவம் அக்கறையா கேட்டார்.”

டாக்டர் வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை.

“வேண்டாங்க, எங்க அண்ணனைப் பின்னால உக்கார வைக்க என் வீட்டுக்காரருக்கு மனசு வரலன்னு சொல்லிட்டேன்.”