ஜன்னலில் சிக்கிய பென்குயின்

அன்பும் அவசர புத்தியும் ஒருங்கே அமைந்த மாமாவுக்கு, அக்கா மகள் (இன்று மட்டும்) பணிவோடு எழுதுவது. இங்கு யாவரும் நலம், பிரிண்டரும் நலம், நலமில்லாதது நான்தான்.

போன மாதம் என் கம்ப்யூட்டரில் விண்டோஸைத் தூக்கிவிட்டு, பென்குயின் சின்னம் போட்ட லினக்ஸைப் போட்டு, "இனிமே பென்குயின் பறக்கும் பாரு"ன்னு சொல்லிட்டு பஸ் ஏறினீர்களே, பென்குயினுக்குப் பறக்கத் தெரியாது மாமா. பிரிண்டர் இருப்பதோ ஹாலில், அப்பாவின் விண்டோஸ் கம்ப்யூட்டரில். எனக்கு வேண்டியது ஒரே ஒரு பக்கம். பள்ளியில் 'ஆசிரியர் அறை' என்ற பலகைக்குக் கீழே 'ஏற்கெனவே வாங்கியவர்கள் வர வேண்டாம்' என்று சாக்பீஸால் எழுதியது யாரென்று கண்டுபிடித்துவிட்டார்கள். அப்பா கையெழுத்தோடு மன்னிப்புக் கடிதம் நாளைக்குள் வராவிட்டால் சுற்றுலா பஸ்ஸில் எனக்கு இடமில்லை. அப்பா படிக்காமலே கையெழுத்துப் போடும் காகிதக் கட்டுக்கு நடுவில் செருகிவிடலாம் என்பது திட்டம்.

அவர் குளிக்கப் போனதும் என் அறையிலிருந்தே கடிதத்தைப் பிரிண்டருக்கு அனுப்பினேன். வரவில்லை. ஒன்பது தடவை அனுப்பினேன். பாஸ்வேர்ட் கொடு என்றது. அப்பா பாஸ்வேர்டே வைத்ததில்லை. பாஸ்வேர்ட் இல்லாதவர் பெயரில் வந்தால் நெட்வொர்க் வழியாக விண்டோஸ் உள்ளே விடாதாம். ஜன்னல் திறந்தே கிடக்கு, அதனாலேயே நுழையக் கூடாதாம்! சரியென்று அவர் கம்ப்யூட்டரில் நானே ஒன்று வைத்தேன்: 'மன்னிச்சிடுங்கப்பா'. அதை என் கம்ப்யூட்டரில் தட்டுவதற்குள் அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்னடி, புதுசா பாஸ்வேர்ட் கேக்குது? என்ன வச்ச?"

"மன்னிச்சிடுங்கப்பா."

"சரி, மன்னிச்சாச்சு. பாஸ்வேர்ட் என்ன?"

"மன்னிச்சிடுங்கப்பா!"

"அதான் மன்னிச்சுட்டேனே! அழாம விஷயத்தைச் சொல்லு."

ஏழாவது மன்னிப்பில் அம்மா குறுக்கே வந்து, "அதைத்தாங்க டைப் பண்ணச் சொல்றா" என்றாள். கையில் ஏழு மன்னிப்பு இருக்கும் தைரியத்தில் என் அறைக்கு ஓடி அதையே தட்டினேன். வரிசையில் ஒன்பதும் காத்திருப்பதை மறந்தே போனேன். அப்பா மடியில் ஒன்பது மன்னிப்புக் கடிதம்!

"ஏழு தடவை மன்னிச்சீங்கப்பா, வாபஸ் கிடையாது."

சிரித்துவிட்டார். ஒன்பதிலும் கையெழுத்துப் போட்டார். "உங்க டீச்சர்ங்க ஒன்பது பேருதானே? ஆளுக்கு ஒண்ணு குடு."

எப்படியோ பஸ்ஸில் இடம் உறுதி. இனி பிரிண்டர் என் ராஜ்யம்; ஆதாரமாக இதையும் அதிலேயே அச்சிட்டு அனுப்புகிறேன். அத்தைக்கு அன்பு, குட்டித் தம்பிக்கு முத்தம், பென்குயினுக்கு ஒரு குட்டு.

வெற்றிவாகை சூடிய,
அக்கா மகள்

பி.கு. (பேனாவில், அப்பா): மச்சான், இதை பிரிண்டரிலிருந்து எடுத்ததே நான்தான். கையோடு பாஸ்வேர்டை மாத்திட்டேன்: 'சொல்லமாட்டேன்போ'. ஒரு மணி நேரமா கேக்குறா. நானும் பத்து தடவை சொல்லிட்டேன்.