திரும்பிப் போகச் சொன்ன கல்யாணப் பத்திரிகை

சொந்தமாக இணையதளம் வைத்திருப்பவனுக்கு வரும் கர்வம் சொந்தமாக யானை வைத்திருப்பவனுக்குக்கூட வராது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வந்திருந்தது. ஊரில் எல்லோரும் தங்கள் தளத்தை எங்கோ ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்திருக்க, நான் வண்ணார்பேட்டை வீட்டில், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில், ஒரு பழைய கம்ப்யூட்டரிலிருந்தே என் தளத்தை நடத்திவந்தேன். அது இராப்பகலாக ஓடினால்தான் உலகத்துக்கு நான் தெரிவேன். (வீட்டுக்கு வந்தவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு, மாவு மில் போட்டிருக்கிறீர்களா என்று விசாரித்ததும் உண்டு.) ஆள் உட்காராத மிஷின் எதற்கு ஓடுகிறது என்று அம்மா போகிற வருகிற போதெல்லாம் சுவிட்சை அணைப்பாள்.

தளத்தில் என் கவிதைகள் இருந்தன. யாராவது இல்லாத பக்கத்தைத் தேடி வந்தால் காட்டுவதற்கு நானே எழுதிய ஓர் அறிவிப்பும் இருந்தது: "நீங்கள் தேடி வந்தது இங்கே இல்லை. வந்த வழியே திரும்பிப் போகவும்." கவிதைகளைவிட அது நன்றாக வந்திருந்ததாக எனக்கு ஓர் எண்ணம்.

அப்போது அக்காவுக்குத் திசையன்விளையில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா மளிகை மொத்த வியாபாரி. கல்யாணத்துக்கென்று என் தளத்தில் ஒரு பக்கம் செய்து, அப்பாவைக் கெஞ்சி அதன் முகவரியைப் பத்திரிகையில் அச்சடிக்க வைத்தேன். பத்திரிகையெல்லாம் ஊருக்குள் போன பிறகு, பக்கத்தின் பெயர் இன்னும் அழகாக இருக்கலாமே என்று தோன்றியது. மாற்றினேன். பத்திரிகையில் இருந்தது பழைய பெயர் என்பது, என்னைத் தவிர யாருக்கும் உடனே புரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அப்பா தம்பிமாரோடு இறங்கினார். யாரும் உட்காரவில்லை. அம்மா கொடுத்த தண்ணீரையும் யாரும் தொடவில்லை.

"பிடிக்கலைன்னா நேர்ல சொல்லிருக்கலாம்லா அண்ணாச்சி," என்று அவர், பத்திரிகை முகவரியில் வந்ததை முந்தின நாளே படம் பிடித்து வைத்திருந்த செல்போனை அப்பாவிடம் நீட்டினார். "ஊரே பாக்கப் போட்டு, திரும்பிப் போங்கன்னு சொல்லணுமா?"

அப்பா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏலே, என்னலே எழுதி வச்சிருக்க?"

கம்ப்யூட்டரில் சரியான பக்கத்தைக் காட்டலாம் என்று ஓடினேன். தெருவில் கரண்ட் இல்லை. திரும்பி வந்து, அது அவர்களுக்காக எழுதியது இல்லை, யார் வந்தாலும் அப்படித்தான் சொல்லும் என்று விளக்கினேன்.

"ஆரு வந்தாலுமா?" என்றார் அவர். வேன் டிரைவர் வண்டியைத் திருப்பத் தொடங்கியிருந்தார்.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள்.

"கல்யாணம் உண்டு மாமா. எனக்குச் சம்மதம். இவன் எழுதுததை எங்க வீட்ல ஆரும் படிக்க மாட்டோம்."

அவர் அவளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். பைய உட்கார்ந்து, காப்பியில் சீனி குறைவாகப் போடச் சொன்னார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. கம்ப்யூட்டரை மட்டும் அப்பா பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிட்டார்.

போன மாதம் அக்கா மகனுக்குக் காது குத்து. என் மடியில் வைத்துத்தான் குத்தினார்கள். பத்திரிகையின் அடியில் அக்காவின் மாமனார் சொல்லி ஒரு வரி அச்சடித்திருந்தார்கள்: "விழா கண்டிப்பாக நடைபெறும். தாய்மாமன் வேறு எங்காவது வேறு மாதிரி எழுதியிருந்தால் பொருட்படுத்த வேண்டாம்."