வயசுப் பிள்ளைகளுக்கு நாவல் எழுதுகிறவர்

ஆண்டவன் படைப்பில் எத்தனையோ வகை மனிதர்கள். நம் தருமபுரிப் பக்கத்தில் இப்போது புதிதாக ஒரு வகை கிளம்பியிருக்கிறது. வயசுப் பிள்ளைகளுக்கு நாவல் எழுதுகிறவர். சின்னக் குழந்தைகளுக்கு நரிக் கதை எழுதுகிறவர் வேறு, பெரியவர்களுக்குக் குடும்பக் கதை எழுதுகிறவர் வேறு. இவர் நடுவில் நிற்கிறவர். மீசை அரும்புகிற பையனிடமும் கண்ணாடியை விட்டு நகராத பெண்ணிடமும் போய், "உன் மனசு எனக்குத்தான் தெரியும்" என்று சொல்கிறவர். இவருக்கு வயசு ஐம்பதை ஒட்டியிருக்கும்.

நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஏரியூர் பஸ்ஸில் முன் சீட்டெல்லாம் காலியாகக் கிடக்க, கடைசி சீட்டில் காலேஜ் பிள்ளைகளுக்கு நடுவே நெருக்கியடித்து உட்கார்ந்து, ஜன்னலில் வேடிக்கை பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு, காதை மட்டும் அவர்கள் பேச்சில் விட்டுவைத்திருப்பாரே, அவர்தான். ஒரு பையன் புதுசாக ஏதாவது வார்த்தை சொல்லிவிட்டால் போதும், உடனே போனை எடுத்துக் குறித்துக்கொள்வார். அது நாவலில் ஏறி, அச்சாகி வருவதற்குள் பிள்ளைகள் அந்த வார்த்தையை மறந்தே போயிருப்பார்கள். பாவம், அவர்தான் என்ன செய்வார்?

இவர் கதைக்குச் சில சடங்குகள் உண்டு. முதல் அத்தியாயத்தில் அப்பாவோ அம்மாவோ செத்தாக வேண்டும். பெற்றவர்கள் உயிரோடு இருந்தால் பிள்ளையை எப்படி வீட்டை விட்டு ஓட வைப்பது? ஓடுகிற பிள்ளை வத்தல்மலைக்குத்தான் ஓடும். அங்கே மழை பெய்யும். மலைக்காரர் ஒருவர் களி போட்டு, கூடவே வாழ்க்கையைப் பற்றியும் நாலு வார்த்தை போடுவார். காதல் உண்டு. பேனா வாங்கும்போது விரல் படும், அத்தோடு சரி. அதற்கு மேல் பட்டால் பள்ளிக்கூட நூலகத்தில் வாங்க மாட்டார்கள். கடைசியில் பிள்ளை திருந்தி, செல்போனை ஒகேனக்கல் தண்ணீரில் வீசி எறியும். எந்த ஊரில் ஐயா எறிகிறது? நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போன் கைநழுவிக் கீழே விழுந்தாலே உயிர் போய் உயிர் வருகிறதே!

எங்கள் அடுத்த வீட்டு நவநீதன் இந்த இனத்தில் அசல். பென்னாகரத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷர், கார்த்திகை தவறாமல் கோயிலுக்கு வருகிறவர், வேறு கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. எழுதிய அத்தியாயத்தை முதலில் தன் மனைவி மணிமேகலைக்குத்தான் படித்துக் காட்டுவார், அதுவும் புளி சீசனில். நானும் அவளும் புளியைக் குவித்து வைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருப்போம். கை வேலையாக இருக்கிற பெண்பிள்ளைகள் எழுந்து ஓட முடியாது பாருங்கள்.

அவர்கள் மகள் காவியா பிளஸ் ஒன் படிக்கிறாள். கோ-கோ ஆட்டத்தில் காற்று மாதிரி ஓடுவாள். சேலத்தில் டீம் செலக்சன் என்று அறிவிப்பு வந்தது. போக வேண்டும் என்று அவள் துடித்தாள். "டாக்டருக்குப் படிக்கிறவளுக்கு ஓடிப்பிடிக்கிற ஆட்டம் எதுக்கு?" என்று அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோச்சிங் கிளாஸுக்கு மட்டம் போட்டுவிட்டு கிரவுண்டுக்குப் போவதைக் காவியா அப்பாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். ரகசியமாக.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. எழுதினார்.

"ஏங்க, நில்லுங்க," என்றாள் மணிமேகலை, புளியைக் கீழே வைத்துவிட்டு. "உங்க கதையில அந்தப் பொண்ணு இலக்கியா, ஷூவை எங்க ஒளிச்சு வச்சான்னு படிச்சீங்க?"

"டியூசன் பையில, சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில. ஏன், நம்புற மாதிரி இல்லியா?"

"நல்லாவே நம்புற மாதிரி இருக்குது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். காவியாவின் டியூசன் பையோடு வந்தாள். பைக்குள் ஷூ இருந்தது.

அப்புறம் வூடு வூடாகவா இருந்தது? இவ்வளவு ரகளையிலும் நம் எழுத்தாளர் என்ன செய்தார் தெரியுமா? மணிமேகலை திட்டிய திட்டில் நல்லதாக நாலைப் பொறுக்கிக் குறித்துக்கொண்டார்.

"உங்கள நம்பித்தானேப்பா சொன்னேன்?" என்று காவியா அழுதாள்.

"பேரை மாத்திட்டேனே கண்ணு!"

அன்றிலிருந்து மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். புரோட்டா வாங்கி வந்து, "என்னாம்மா ஸ்கூல்ல விசேசம்?" என்று கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்பாள். நாவல் அப்படியே நின்றது. இலக்கியா வத்தல்மலை மேலே மழையில் நின்றது நின்றபடியே இருந்தாள். அந்தப் பெண்ணுக்கு ஜுரமே வந்திருக்கும்.

சேலம் செலக்சன் நெருங்கியபோது காவியா தானாகவே வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கப்பா," என்றாள். அவர் கை அப்போதே சட்டைப் பைக்குப் போய்விட்டது.

மறுநாள் எங்களுக்கு அத்தியாயம் வந்தது. இலக்கியா ஒருவழியாக மலையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டாள். இலக்கியாவின் அம்மா பள்ளிக்கூட நாளில் பெரிய ஓட்டக்காரியாம். ஜெயித்து வாங்கிய சோப்பு டப்பாவில்தான் இன்றைக்கும் ஊசி நூல் போட்டு வைத்திருக்கிறாளாம். "இனிமே ஓடாதே" என்று ஒருநாள் யாரோ சொன்னார்களாம், அவளும் நின்றுவிட்டாளாம். அம்மா தூங்கின பிறகு மகள் அந்த டப்பாவை எடுத்துத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாளாம்.

மணிமேகலை கை நின்றுபோனது. புளிக் கையோடு கண்ணைத் துடைத்துவிட்டு, எரிச்சல் தாங்காமல் மறுபடியும் துடைத்தாள். நான் தற்செயலாக நிமிர்ந்தேன். கதவோரம் நின்ற காவியாவின் உதடு, அவர் படிக்கிற வரிக்கு ஒரு வார்த்தை முன்னாலேயே அசைந்துகொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணை அனுப்புனாங்களா இல்லியா?" என்றாள் மணிமேகலை.

"அது அடுத்த அத்தியாயம். இன்னும் எழுதலை."

"அனுப்பிச்சதா எழுதுங்க." கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "ஏய் காவியா, சேலத்துக்குக் காலைல எந்த பஸ்ஸுடி? புளிசாதம் கட்டணும் இல்ல?"

பெண் குதித்த குதியில் புளித்தட்டு கவிழ்ந்தது. எழுத்தாளர் என் பக்கம் குனிந்து பெருமையாகச் சொன்னார்: "அக்கா, அந்தச் சோப்பு டப்பாவைப் பாத்தீங்களா? அதெல்லாம் கற்பனை. தானா வர்றது." அவர் மனைவியின் டப்பா அவர் தலைக்கு மேலேயே அலமாரியில் இருந்தது. ஆண்டவன் மேல் ஆணையாக நான் வாயைத் திறக்கவில்லை.

வாசகரே, நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் நாவலெல்லாம் எழுதுகிறதில்லையே என்கிறீர்கள். ரொம்ப சரி. எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்கிற உங்கள் பிள்ளை, நேற்று பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாதே என்று மனசைத் திறந்து ஒரு விஷயம் சொன்னதா? கேட்டு நீங்கள் பூரித்துப் போனீர்களா? அதை உங்கள் வீட்டுக்காரரிடம், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டீர்களா?

அவரிடம் போய்ச் சேரத்தான் உங்களிடம் சொன்னது.