உட்கார வைத்ததா, உட்கார்ந்ததா

மதிப்பிற்குரிய வக்கீல் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அத்தையும் நலமா? சும்மா கேட்கவில்லை, கையில் நேரம் நிறைய இருக்கிறது. காலையிலிருந்து காவல் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

குற்றம் எதுவும் செய்யவில்லை. சட்டப்படிப்பைப் பாதியில் விட்டதே குற்றம் என்பது உங்கள் கட்சி, அதை அப்புறம் பேசலாம். மேடையில் பெரியவர்கள் சொல்வது மெய்யா பொய்யா என்று சரிபார்த்துப் போடும் இணையதளத்தில்தானே எனக்கு வேலை? "எங்கள் நிலையங்களில் காரணம் சொல்லாமல் யாரையும் உட்கார வைப்பதில்லை" என்று ஓர் உயரதிகாரி பேசினார். பார்த்துவிடலாம் என்று வந்தேன். பெஞ்சில் ஒரு பிளம்பர். நேற்று இங்கே குழாய் ரிப்பேருக்கு வந்தவர், வேலை முடிந்ததும் யாரோ "உட்காரு" என்றார்களாம், உட்கார்ந்தவர்தான். சொன்னது யாரு, எதுக்கு, ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. ஏட்டையாகிட்ட போனேன்.

"அவரை ஏன் உட்கார வச்சிருக்கீங்க?"

"யாரு வச்சா? அவரா உட்கார்ந்திருக்காரு."

"அப்ப போகலாமா?"

"போகச் சொல்லி யாரு சொன்னா? நீ முதல்ல உட்காரு."

"நான் எதுக்கு?"

"காரணம் கேட்டதுக்கு."

காரணம் சொல்லிட்டாரு பாருங்க மாமா. என் விஷயத்துல அதிகாரி பேச்சு நூத்துக்கு நூறு உண்மை. எங்க ஆசிரியரம்மாவுக்கு போன் போட்டேன். "ரெண்டு சாட்சி இருக்கா?"ன்னாங்க. நானும் பிளம்பரும்னேன். "நீ மாட்டிக்கிட்டவன், சாட்சி ஆக முடியாதுப்பா. 'ஓரளவு உண்மை'ன்னு போட்டுடறேன்"னு வச்சுட்டாங்க. உடனே ஏட்டையா போனையும் வாங்கி வச்சுக்கிட்டாரு.

என்னை விடுங்க. அந்த மனுஷனைப் பாருங்க, ஒண்ணுக்குப் போகக்கூட என்னைக் கேக்குறாரு: "எந்திரிச்சா தப்பிச்சு ஓடினதா கேஸ் ஆகுமா தம்பி?" தெரியல, அது மூணாம் வருஷப் பாடமா இருக்கும். அவரு சம்சாரம் சாப்பாடு கொண்டு வருவாங்களாம், கடுதாசியை அவங்ககிட்ட கொடுத்து விடறேன். கருப்புக் கோட்டு, சட்டப் புத்தகம் எல்லாத்தோடயும் உடனே வாங்க. எனக்காக இல்ல, அவருக்காக.

அத்தைக்கு என் வணக்கம். வாண்டுக்கு ஒரு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சைக் கேட்காத மருமகன்

பின்குறிப்பு: அந்தம்மா வந்துட்டாங்க. யாரையும் ஒண்ணும் கேக்கல. புருஷனைப் பார்த்து "எந்திரி"ன்னாங்க. எந்திரிச்சாரு, ஒருத்தரும் தடுக்கல. இந்தக் கடுதாசியை வாங்கிட்டுப் போகத்தான் ரெண்டு பேரும் வாசல்ல நிக்கிறாங்க. நானும் எந்திரிச்சுப் பார்த்தேன். "எங்க?"ன்னாரு ஏட்டையா. உட்கார்ந்துட்டேன். மாமா, நீங்க வர வேண்டாம். அத்தையை அனுப்புங்க.